கண்ணுக்குள் ஒரு பந்தல்

அல்பினிசம் உள்ளவர்களுக்குச் செயற்கை ஐரிஸ்: யாருக்கு, எந்த வயதில், எந்தக் குறைக்கு?

ஆடிக் கிருத்திகையன்று உச்சி வெயிலில் திருத்தணி மலையை அண்ணாந்து பார்க்கும் எவரும் செய்வது ஒன்றுதான்: உள்ளங்கையைக் கவிழ்த்துப் புருவத்தின் மேல் வைத்துக் கண்ணுக்கு நிழல் கட்டுவார்கள். மலையை விட்டுத் தள்ளி, கே.ஜி.கண்டிகைப் பக்கம் வயல் வரப்பில் நின்று தூரத்துப் பேருந்தை அடையாளம் பார்ப்பவரும் அதைத்தான் செய்கிறார். நம்மில் பெரும்பாலோருக்கு அந்தக் கைநிழல் போதும். ஏனென்றால் பெரிய வேலையைக் கண் ஏற்கெனவே முடித்துவிட்டது. ஐரிஸ் என்கிற நிறத்திரை இறுகி, நடுவிலுள்ள பாவையை இரண்டு மில்லிமீட்டர் துளையாகச் சுருக்கிவிடுகிறது. அல்பினிசத்தோடு பிறந்தவருக்கும் பாவை சுருங்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள திரையிலேயே நிறமி இல்லாததால், துளைக்கு வெளியேயும் வெளிச்சம் ஊடுருவிக் கொட்டுகிறது. அவர் எத்தனை கையை வைத்து மறைத்தாலும் கண் கூசும். இந்தக் கூச்சத்தைத் தடுக்கக் கண்ணுக்குள்ளேயே ஒரு பந்தல் போடலாமா என்று கேட்டதன் விளைவுதான் செயற்கை ஐரிஸ். அது எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் உதவாது என்று பிரித்துப் பார்த்தால், நம் ஊர்க் கண் பரிசோதனையிலேயே இருக்கும் ஓர் ஓட்டை வெளியே வருகிறது.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். கண்தானம் பற்றிப் பேசும்போது நாம் 'கருவிழி' என்று சொல்வது கார்னியாவை. அது கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடி ஜன்னல். அதற்குப் பின்னால் கறுப்பாகவோ பழுப்பாகவோ தெரியும் வளையம் ஐரிஸ். செயற்கை ஐரிஸ் வைப்பதும் கருவிழி மாற்று அறுவையும் வேறு வேறு. அதேபோல, தோலில் திட்டுத்திட்டாக வரும் வெண்புள்ளிக்கும் அல்பினிசத்துக்கும் உறவில்லை. வெண்புள்ளி பிறந்த பிறகு வருவது, பார்வையைப் பொதுவாகத் தொடாது. அல்பினிசம் பிறவியிலேயே மெலனின் என்ற நிறமி உருவாகாமலோ குறைவாகவோ இருப்பது; அதன் பெரிய பாதிப்பு தோலோடு நிற்காமல் கண்ணில் விழுகிறது. உலக அளவில் 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி 7.21 கோடி பேர் வாழும் தமிழ்நாட்டுக்கு இதைப் பொருத்தினால் 3,600 முதல் 4,200 பேர் வரை வருவார்கள். உண்மை எண்ணிக்கை இதைத் தாண்டலாம் என்று நினைக்கக் காரணம் உண்டு. அல்பினிசத்தின் பெரும்பாலான வகைகள், தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் பழுதுள்ள மரபணு ஒன்று சேரும்போது வெளிப்படுபவை. இருவரும் அதைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் தமிழ்நாட்டிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரத்திலும் இன்னும் இருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழகத்தில் திருமணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் உறவுக்குள் மணந்தவர்கள் என்று காட்டியது.

கொட்டகையும் திரையும்

பழைய டூரிங் டாக்கீஸில் பகல் காட்சி ஓட்டிய காலத்தை எண்ணிப் பார்த்தால் இந்தக் கண்ணின் சிக்கல் சட்டென்று விளங்கும். கீற்றில் ஓட்டை விழுந்து வெயில் உள்ளே வந்தால் திரையில் படம் வெளுத்துப்போகும். புரொஜெக்டர் நன்றாகத்தான் ஓடும். ஆனால் கதாநாயகன் முகம் தெரியாது. அல்பினிசக் கண்ணில் ஐரிஸ் என்ற கூரை அப்படி ஒழுகுகிறது. மருத்துவர் சிறு விளக்கின் ஒளியைப் பாவை வழியாக உள்ளே செலுத்தினால், அந்த ஒளி ஐரிஸைத் துளைத்துச் செந்நிறமாகத் திரும்பி வருவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். கொட்டகையின் உட்சுவரும் கறுப்பாக இல்லை. விழித்திரைக்குப் பின்னால் நிறமி அடர்ந்திருக்க வேண்டிய அடுக்கு வெளிறியிருப்பதால், உள்ளே வந்த ஒளி உறிஞ்சப்படாமல் சுவருக்குச் சுவர் சிதறுகிறது.

கூரையையும் சுவரையும் சரிசெய்தால் படம் தெளிந்துவிடுமா? அங்கேதான் தடை. இந்தக் கொட்டகையில் திரையே முழுதாக நெய்யப்படவில்லை. எழுத்தைப் படிக்கவும் முகத்தை அறியவும் நாம் பயன்படுத்துவது விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழி. கருவில் அந்தக் குழி உருவாக நிறமியின் துணை தேவை. அது இல்லாததால் குழி முழுமையாக அமைவதில்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகளும் வழி மாறுகின்றன. இயல்பாக ஒவ்வொரு கண்ணின் இழைகளிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை அதே பக்க மூளைக்குச் செல்லும். அல்பினிசத்தில் மிகப் பெரும்பங்கு எதிர்ப்பக்கத்துக்கே தாண்டிவிடுகிறது. இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழம் அறிவது இதனால் குறைகிறது, மாறுகண் வருகிறது. விழிகள் ஓயாமல் அசைந்தாடும் நிஸ்டாக்மஸும் சேர்ந்துகொள்கிறது. இவற்றின் அடித்தளம் பிறப்பதற்கு முன்பே போடப்பட்டுவிடுகிறது. வளர்ந்த பிறகு உடம்பில் நிறமியைக் கூட்டப் பார்த்த முயற்சி ஒன்றும் இதைத்தான் காட்டியது. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தில் ஒரு வகை அல்பினிசம் உள்ள ஐந்து பெரியவர்களுக்கு நிடிசினோன் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். தலைமுடியிலும் தோலிலும் நிறம் கொஞ்சம் ஏறியது, பார்வை ஏறவில்லை. ஆக, செயற்கை ஐரிஸ் கீற்று மாற்றும் வேலையைச் செய்யும். திரையை நெய்து தராது. இந்தக் கருவியைப் பற்றிய எந்த விளம்பரத்தையும் இந்த வேறுபாட்டை வைத்தே எடைபோட வேண்டும்.

3.35 மில்லிமீட்டர்

கண்ணுக்குள் கூரை போடும் யோசனை புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் சுண்ட்மாக்கர் என்ற கண் மருத்துவர், கறுப்பு வளையத்தோடு சேர்ந்த கண் லென்சைப் பொருத்தத் தொடங்கினார். மார்ச்சர் நிறுவனம் செய்த அந்த லென்ஸ் கெட்டியான அக்ரிலிக், மடங்காது. பத்து மில்லிமீட்டர் அகல வளையத்தை உள்ளே விடக் கண்ணில் ஏறக்குறைய அதே அளவு வெட்டு தேவைப்பட்டது. பிறகு சிறு வெட்டின் வழியே நுழைத்து உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகத் திருப்பி வைக்கும் விசிறி வளையங்கள் வந்தன. அல்பினிசம் உள்ளவர்களுக்கு இத்தகைய செயற்கை ஐரிஸ் வைத்ததன் விளைவுகளை அமெரிக்காவின் சின்சினாட்டி மருத்துவர்கள் 2007இல் தனிக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். இன்று அதிகம் பேசப்படுவது எர்லாங்கன் நகரின் ஹியூமன் ஆப்டிக்ஸ் செய்யும் கஸ்டம்ஃப்ளெக்ஸ். மெல்லிய சிலிகான் தகடு, விட்டம் 12.8 மில்லிமீட்டர், நோயாளியின் கண்ணுக்கேற்ப வெட்டி, சுருட்டி, சிறு வெட்டு வழியே உள்ளே விடலாம். முன்பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் தனியாக நிறம் தீட்டப்படுகிறது, பின்பக்கம் கறுப்பு. 2018 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை அங்கீகரித்தது. ஐரிஸ் இல்லாமலே பிறப்பவர்கள் இதன் முதல் பயனாளிகள். காயத்தால் ஐரிஸ் கிழிந்தவர்கள், கட்டிக்காக அகற்றப்பட்டவர்கள், அல்பினிசம் உள்ளவர்கள் ஆகியோரையும் அந்த அறிவிப்பு பெயர் சொல்லிச் சேர்த்தது. 389 பேரிடம் நடந்த சோதனையில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஒளி உறுத்தலும் கூச்சமும் கணிசமாகக் குறைந்ததாகச் சொன்னார்கள். தோற்றம் பற்றி 94 விழுக்காட்டினர் திருப்தி தெரிவித்தார்கள்.

இந்த எண்களை அப்படியே தூக்கி அல்பினிசத்தின் மேல் வைக்கக் கூடாது. 389 பேரும் ஒரே வகைக் குறை உள்ளவர்கள் அல்லர். ஐரிஸே இல்லாத கண்ணில் கூரை போடுவதும், கூரை மெலிந்து, உட்சுவரும் வெளிறிய கண்ணில் போடுவதும் ஒரே பலனைத் தராது. சுவரின் சிதறல் அப்படியே நிற்கும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. செயற்கை ஐரிஸின் துளை எப்போதும் 3.35 மில்லிமீட்டர், வெயிலில் சுருங்காது, இருட்டில் விரியாது. உள்ளே நுழையும் ஒளி துளையின் பரப்பைப் பொறுத்தது. இரண்டு மில்லிமீட்டருக்குச் சுருங்கிய பாவையைவிட இந்தத் துளை ஏறத்தாழ 2.8 மடங்கு ஒளியை விடும். இருட்டில் ஆறு மில்லிமீட்டருக்கு விரிந்த பாவையோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு ஒளியைத்தான் விடும். ஆக, இது உச்சி வெயிலுக்கும் முழுப் பதில் ஆகாது. மின்விளக்கு இல்லாத கிராமத்துச் சாலையில் இரவு நடையையும் கொஞ்சம் கடினமாக்கும். ஆனாலும் ஐரிஸின் முழு அகலமும் ஒழுகிக்கொண்டிருந்த கண்ணுக்கு ஒரு சீரான துளை கிடைப்பது சிறிய நன்மை அல்ல. வெளுத்துப்போன படத்தில் கறுப்பு கறுப்பாகத் தெரியத் தொடங்கும்.

கறுப்புக் கண்ணாடி போதாதா?

போதும் என்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. நல்ல நிறக்கண்ணாடி, அகல விளிம்புத் தொப்பி, சுற்றுவட்டம் இருண்டு நடுவில் மட்டும் தெளிந்த கான்டாக்ட் லென்ஸ் ஆகிய மூன்றும் கத்தி படாமல் கிடைக்கும் நிழல்கள். வேண்டாம் என்றால் கழற்றி வைத்துவிடலாம். எந்தக் கண் மருத்துவரும் இவற்றில்தான் தொடங்க வேண்டும். ஆனால் இவற்றுக்கும் எல்லை உண்டு. கறுப்புக் கண்ணாடி கூச்சத்தோடு பார்க்க வேண்டியதையும் சேர்த்து இருட்டாக்குகிறது; பக்கவாட்டில் வரும் ஒளியை விட்டுவிடுகிறது; வெயிலிலிருந்து வகுப்பறைக்குள் நுழைந்ததும் தடுமாற வைக்கிறது. கான்டாக்ட் லென்ஸுக்கு நல்ல தண்ணீரும் கைச்சுத்தமும் தினமும் வேண்டும். புழுதியில் வேலை செய்பவருக்கு அது கிருமித்தொற்று அபாயத்தைக் கூட்டுகிறது. ஆக, கண்ணாடி போதுமானவருக்கு அறுவை தேவையில்லை. போதாதவரை 'சமாளித்துக்கொள்' என்று திருப்பி அனுப்புவதும் முறையல்ல.

அப்படியானால் பள்ளி வயதிலேயே வைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி பெற்றோரிடமிருந்து வரும். இதற்கு மறுப்பு சொல்லும் காரணம் ஐரிஸுக்குப் பின்னால் ஒரு மில்லிமீட்டர்கூடத் தள்ளாமல் இருக்கிறது: கண்ணின் சொந்த லென்ஸ். செயற்கைத் தகட்டை வைக்கும் இடம் அந்த லென்ஸ் இருக்கும் பைக்குள் அல்லது பைக்கு முன்னால். தெளிவான லென்ஸ் உள்ள கண்ணில் அதைத் திணித்தால் லென்ஸ் உரசி மங்கும். லென்ஸை எடுத்துவிட்டு வைத்தால், கிட்டத்திலும் தூரத்திலும் மாற்றிக் குவியும் திறனை அந்தப் பிள்ளை இழக்கும். புத்தகத்தை முகத்தருகே வைத்துப் படித்துத் தப்பித்துக்கொண்டிருக்கும் குழந்தையிடமிருந்து அந்த ஒரே தந்திரத்தையும் பிடுங்குவதாகும். சிலிகான் தகடு இடம் நழுவலாம், கண்ணின் அழுத்தம் ஏறலாம், உள்ளழற்சி வரலாம், மறுபடி அறுவை தேவைப்படலாம் என்று அங்கீகார ஆவணமே சொல்கிறது. அறுபது எழுபது ஆண்டுகள் வாழ வேண்டிய கண்ணுக்கு இது எளிய பேரம் அல்ல. எனவே இந்தக் கருவிக்கு இயல்பான தருணம் கண்புரை அறுவை. எப்படியும் கண்ணைத் திறக்கிறோம், எப்படியும் மங்கிய லென்ஸை எடுக்கிறோம். புதிய லென்ஸ் வைக்கும் அதே அமர்வில் கூரையையும் போடுவது கூடுதல் அபாயத்தைக் குறைத்துப் பலனைக் கூட்டுகிறது. அல்பினிசம் உள்ள ஐம்பது வயதுக்காரருக்குக் கண்புரை வரும்போது, அவரை மற்ற நோயாளிகளைப்போல நடத்தி வெறும் லென்ஸோடு அனுப்பிவிடுவது, கிடைத்த ஒரே வாய்ப்பைத் தவறவிடுவதாகும்.

இது பணக்கார வைத்தியம், ஏழை மாநிலத்தில் இதைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்பது அடுத்த மறுப்பு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கண்ணுக்குள் வைக்கும் சாதாரண லென்ஸைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து நூறு டாலர் அளவுக்கு விலைபோன அந்த லென்ஸை, அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையில் 1992இல் தொடங்கிய ஆரோலேப் பத்து டாலருக்கும் கீழே கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் தடித்த சோடாப்புட்டிக் கண்ணாடி நம் கிராமங்களிலிருந்து மறைந்தது. ஒவ்வொருவருக்கும் தனி நிறம் தீட்டும் ஜெர்மன் தகடு எட்டாக்கனியாக இருக்கலாம். ஆனால் கூச்சத்தைத் தடுக்க அழகிய நிறம் தேவையில்லை. ஒளி புகாத வளையம் போதும். கறுப்பு, பழுப்பு வளையத்தோடு கூடிய அக்ரிலிக் லென்ஸ்களை இந்திய நிறுவனங்களும் செய்திருக்கின்றன. தமிழ்நாடு முழுவதற்கும் சில ஆயிரம் பேர், அதிலும் கண்புரை வயதை எட்டுவோர் ஆண்டுக்குச் சிலர் என்ற அளவில், அரசு ஓரிரு மையங்களில் இந்தத் திறனை வளர்த்தாலே போதும். 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனை திருத்தணியிலிருந்து ஒரு மின்தொடர் வண்டித் தூரத்தில்தான் இருக்கிறது.

நிறத்தை மாற்றும் ஆசைக்கு மருத்துவம் துணைபோகிறதா என்ற கேள்வியும் நியாயமானதே. கேட்க வேண்டிய இடம் வேறு. ஆரோக்கியமான கண்ணில், இயல்பான ஐரிஸுக்கு முன்னால், நீலமும் பச்சையுமாகச் சிலிகான் வளையம் வைக்கும் அழகு அறுவை சில நாடுகளில் நடக்கிறது. கண் அழுத்த நோய், கார்னியா பழுது, பார்வை இழப்பு என அதன் விளைவுகளை அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதால் குழப்பம். அல்பினிசத்தில் நிறம் துணைப்பயன், ஒளியைத் தடுப்பதே நோக்கம். 'வெள்ளையன்', 'வெள்ளைக்காரி' என்று தெருவில் கூப்பிடும் வாயை மூட அந்தப் பிள்ளையின் கண்ணில் கத்தி வைப்பது தீர்வாகாது. திருந்த வேண்டியது தெரு.

நிழலில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் ஒரு முடிவு நிற்கிறது. கண்கூச்சம் தனியே அளக்கத்தக்க, தனியே வைத்தியம் செய்யத்தக்க குறை என்று உலக மருத்துவம் ஒப்புக்கொண்டு, அதற்கென்றே ஒரு கருவியை அங்கீகரித்திருக்கிறது. நம் சட்டமோ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. அல்பினிசம் என்ற பெயர் அதில் இல்லை. 'குறைபார்வை' என்ற தலைப்புக்குள்தான் இவர்கள் நுழைய வேண்டும். அதற்கு, கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18ஐவிடக் குறைந்திருக்க வேண்டும், அல்லது பார்வைப் பரப்பு 40 பாகைக்குள் சுருங்கியிருக்க வேண்டும். 6/18 என்றால், நல்ல கண் 18 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிப்பார். அல்பினிசத்தில் பார்வை பெரும்பாலும் 6/18இலிருந்து 6/120 வரை நிற்கிறது. லேசான வகையினர் சரியாக எல்லைக்கோட்டிலேயே நிற்கிறார்கள்.

இந்த அளவீடு நடக்கும் அறையைக் கவனியுங்கள். ஜன்னல் திரை இழுத்துவிட்ட அறை, பின்னாலிருந்து ஒளியூட்டிய எழுத்துப் பலகை, சுற்றிலும் சில நூறு லக்ஸ் வெளிச்சம். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். அல்பினிசம் உள்ளவருக்கு வாழ்க்கையிலேயே கிடைக்கும் மிக இதமான ஒளியில் உட்கார வைத்து அவர் கண்ணை அளந்துவிட்டு, அந்த எண்ணை வைத்து அவர் வெயிலில் வாழும் வாழ்க்கைக்கு மதிப்பெண் போடுகிறோம். அறையில் எல்லைக்கோட்டைத் தொட்டு 'தகுதியில்லை' என்று திரும்பியவர், வாசலைத் தாண்டியதும் எதிரே வரும் சைக்கிளைப் பார்க்க முடியாமல் நிற்கலாம். திருத்தணி, ரா.கி.பேட்டை, பொதட்டூர்பேட்டை வட்டாரத்தில் இதன் பொருள் என்ன? நூறு நாள் வேலை வெயிலில். தோலும் கண்ணும் அதற்கு விடாது. நிழலில் உள்ள தொழில் விசைத்தறி. அறுந்த இழையைக் கண்டு முடிச்சுப்போடும் கூர்மை அந்தக் கண்ணில் இல்லை. வெயிலுக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது, நிழலுக்குப் பார்வை ஒத்துக்கொள்ளாது. இந்த இரட்டைப் பூட்டை ஒற்றை எழுத்துப் பலகை காட்டாது.

வெளிச்சத்தை அளவீட்டில் சேர்த்தால் ஆளாளுக்குக் கூசுகிறது என்று பொய் சொல்வார்கள் என்பது நிர்வாகத்தின் வழக்கமான அச்சம். எழுத்துப் பலகையில் தெரியாது என்று பொய் சொல்வதும் அதே அளவு எளிதுதானே? மேலும் அல்பினிசத்தில் மறைக்க முடியாத சாட்சிகள் உள்ளன. விளக்கொளியில் ஒழுகும் ஐரிஸ், அசைந்தாடும் விழி, குழி அமையாத விழித்திரை ஆகிய மூன்றையும் மருத்துவர் நேரில் பார்த்துவிடலாம். கண்ணருகே பிரகாசமான ஒளியைக் காட்டி எழுத்தைப் படிக்கச் சொல்லும் முறையைக் கண்புரை நோயாளிகளிடம் மருத்துவர்கள் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். எழுத்தின் அளவு மாறாமல் கறுப்பு மட்டும் வெளிறிக்கொண்டே போகும் பெல்லி-ராப்சன் அட்டை 1988இலிருந்து இருக்கிறது. செலவு என்று சொல்ல ஓர் அட்டை, ஒரு விளக்கு.

பள்ளியில் இன்னும் குறைந்த செலவில் ஆகும். தலையைச் சாய்த்துப் பார்க்கும் பிள்ளையிடம் 'நேராப் பாரு' என்று சொல்லாமல் இருப்பதற்குக் காசு வேண்டாம். விழியின் ஆட்டம் குறைந்து எழுத்து நிற்கும் கோணத்தை அந்தப் பிள்ளை தானே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வருமாறு முன்வரிசையில் இடம், வகுப்பில் தொப்பிக்கும் நிறக்கண்ணாடிக்கும் அனுமதி, பெரிய எழுத்து வினாத்தாள் இருந்தால் போதும். கூச்சம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் இருப்பதால், விளையாட்டு மைதானத்தில் ஒதுங்கி நிற்கும் பிள்ளையைக் கூச்ச சுபாவம் என்று எழுதிவிடுகிறோம். பல நேரம் அது கண்ணின் கூச்சம் மட்டுமே.

பாதம் சுடாமலிருக்கக் கோயில் பிராகாரங்களில் வெண்ணிறக் குளிர்பூச்சு அடிக்கும் வழக்கம் தமிழகம் எங்கும் பரவியிருக்கிறது. காலுக்கு இதமான அந்தப் பூச்சு, வெயிலைத் திருப்பியடித்து நிறமியில்லாத கண்ணைக் கூசவைக்கும். அதற்காகப் பூச்சை அழிக்க வேண்டியதில்லை. ஓரத்தில் ஒரு நிழற்பாதை விட்டால் போதும். ஆனால் அப்படி விடத் தோன்ற வேண்டுமானால், வெளிச்சமும் ஒருவருக்குத் தடையாகலாம் என்பது முதலில் ஏட்டில் ஏற வேண்டும். அதைத் தொடங்க எர்லாங்கனிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. அடுத்த கண் முகாமில் அதே எழுத்துப் பலகையை அறைக்குள் ஒரு முறையும் வெளித் தாழ்வாரத்தில் ஒரு முறையும் படிக்கச் சொல்லி, இரண்டு எண்ணையும் எழுதிக்கொள்ளட்டும். அந்த இரண்டு எண்களின் இடைவெளிதான் செயற்கை ஐரிஸ் யாருக்குத் தேவை, யாருக்குத் தொப்பியே போதும் என்று சொல்லப்போகிறது.